கொஞ்சூண்டு வலி

புவேப்லா நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றில் இருபத்தேழு வருஷம் எலும்பு வார்டு நர்ஸாக இருந்தவர் ரெஃபூகியோ தெக்குவாபெத்லா. வார்டுக்கு அவர் கூக்கா. நிர்வாகத்துக்கு அவர் மேல் ஒரே புகார்: மரியாதை தெரியாதவர். எங்கள் ஊரில் இது சின்னக் குற்றமில்லை. இங்கே எதைச் சொன்னாலும் 'தந்தீத்தோ' என்று சேர்க்க வேண்டும், அதாவது கொஞ்சூண்டு. பூகம்பத்தில் சுவர் விழுந்தாலும் கொஞ்சூண்டு ஆடிச்சு என்போம்.

அந்த மரியாதையில் ஊறியவள் இட்சயானா, பதினான்கு வயது. வளைந்த முதுகெலும்பை நிமிர்த்தி, இரண்டு கம்பிகளும் பதினெட்டுத் திருகாணிகளும் பொருத்தி மூன்று நாளாகிவிட்டது. நேற்றே நடந்திருக்க வேண்டியவள் மரக்கட்டையாகக் கிடந்தாள். மூச்சை ஆழமாக இழுக்கவும் பயம். நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்திருந்தது.

வலி மருந்தை டாக்டர் ஒலாவாரியெத்தா எழுதியிருந்தார்: "கேட்டால் கொடுக்கவும்." கேட்கவே கூடாதென்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு இப்படி எழுதியது, வெளிநாட்டில் படித்த அறிவு.

காலை ரவுண்ட்ஸில், பயிற்சி டாக்டர்கள் சூழ, டாக்டர் குனிந்தார். "வலிக்குதாம்மா?"

"கொஞ்சூண்டு டாக்டர். நீங்க சிரமப்படாதீங்க."

"சமத்து." சீட்டில் எழுதினார்: வலி பத்துக்கு இரண்டு. நடக்க ஒத்துழைப்பில்லை.

"அவ பல்லைக் கடிக்கிறது உங்களுக்குக் கேக்கலையா டாக்டர்?" என்றார் கூக்கா.

"அவளே கொஞ்சூண்டுங்கிறா. நோயாளி சொல்றதத்தானே நான் எழுத முடியும்?"

அன்று பிப்ரவரி இரண்டு. போன மாதம் ராஜாக்கள் பண்டிகை ரொட்டியில் மறைத்த பொம்மை கூக்காவின் துண்டில்தான் அகப்பட்டிருந்தது. பொம்மை கிடைத்தவர் பிப்ரவரி இரண்டில் எல்லோருக்கும் விருந்து வைப்பது வழக்கம்; ஆகவே அன்றைக்கு வார்டுக்கே தமால் கொண்டுவர வேண்டியது அவர். சோள மாவை மடல் சுற்றி வேக வைத்து, பானை நிறைய கொண்டுவந்திருந்தார்.

"சாப்பிடறீங்களா டாக்டர்?"

"ஐயையோ, எதுக்குச் சிரமம்?"

"பச்சை மிளகா போட்டது."

"சரி, கொஞ்சூண்டு."

கூக்கா ஒரு மடலைப் பிரித்து, நகக்கண் அளவு கிள்ளித் தட்டின் நடுவில் வைத்து நீட்டினார்.

"என்ன கூக்கா இது?"

"கொஞ்சூண்டு. நீங்க சொன்னதத்தானே நான் வைக்க முடியும்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது."

"அவளும் பேச்சுக்குத்தான் சொன்னா."

பயிற்சி டாக்டர்கள் எல்லோருக்கும் திடீரென்று விட்டத்தைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது. ஒலாவாரியெத்தா சீட்டை வாங்கி, 'கேட்டால்' என்பதை அடித்தார். 'ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, கேட்காவிட்டாலும். நடக்க வைப்பதற்கு முன்பும்' என்று எழுதினார். ஒரு சொல்லை அடித்த களைப்பு தீர மூன்று தமால் சாப்பிட்டார்.

கூக்கா கட்டிலருகே போனார். "இப்ப நிஜத்தச் சொல்லு செல்லம். பத்துக்கு எவ்வளவு?"

இட்சயானா, கால்மாட்டில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லிடுடி" என்றாள்.

"ஒன்பது."

மருந்து இறங்கி ஒரு மணி நேரம் கழித்து அவள் எழுந்து நின்றாள். கூக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். நடுவில் இருமியதில் கட்டியிருந்த சளியும் வந்தது.

வாசலில் டாக்டர், வாய் நிறைய இன்னொரு தமால். "பிரமாதம். இப்ப வலி கொஞ்சூண்டுதானே?"

"இல்ல டாக்டர். நாலு."

கூக்காவின் கோப்பில் அன்று இரண்டாவது புகார் ஏறியது: நோயாளிகளின் மரியாதையையும் கெடுக்கிறார்.