மெல்ரோய் வாங்கிய தூண்டில்

பின்னேரம் ஐந்து மணி நெருங்கினால் மெல்ரோயின் கால் வீட்டில் நிற்காது. சட்டையைப் போடுவார், கழற்றுவார். கொட்டாஞ்சேனை மாடிவீட்டுப் பல்கனியில் நின்று தெருவைப் பார்ப்பார். உள்ளே வந்து பிரிட்ஜைத் திறப்பார், ஒன்றும் எடுக்காமலே மூடுவார்.

முப்பத்தொரு வருசம் துறைமுகத்தில் வேலை. கரைக்கு வருகிற கப்பலின் வடத்தை இழுத்து இரும்புத் தூணில் மாட்டுவது. வேலை முடிந்தால் நேரே சாராயத் தவறணை, அங்கிருந்துதான் வீடு. ஓய்வு பெற்றதும் வேலை நின்றது. தவறணை நிற்கவில்லை.

மகள் யதுஷாவின் நிச்சயதார்த்தத்தன்று மனுசன் கேக் மேசையோடு சேர்ந்து விழுந்தார். அடுத்த நாள் அந்தப் பிள்ளை சத்தம் போடவுமில்லை, அழவுமில்லை.

"டடி, கலியாணத்துக்கு நீங்க குடிச்சிட்டு வந்தா, நான் கோயிலுக்குள்ள தனிய நடந்து போவன்."

அதைக் கேட்டதும் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் முழங்காலில் நின்றார். பதின்மூன்று செவ்வாய் குடிக்காமல் வருவதாக நேர்ந்துகொண்டார். பதின்மூன்றாவது செவ்வாய் கழிந்த சனிக்கிழமை கலியாணம். இரண்டு செவ்வாய் எப்படியோ போயிற்று. பகலில் ஒரு கரைச்சலும் இல்லை. ஐந்திலிருந்து ஏழு வரைக்கும்தான் சாத்தான் வந்து பக்கத்தில் குந்திக்கொள்கிறான்.

"உந்தக் கைக்கு என்னத்தையாவது குடுக்கத்தான் வேணும்" என்றார் மனைவி பிறிஜெற். "செபமாலையைக் குடுத்தா ரெண்டாம் தேவ ரகசியத்தில குறட்டை. போய் ஒரு தூண்டில் வாங்குங்கோ. வெள்ளவத்தைக் கரையில எவ்வளவு சனம் நிண்டு பிடிக்குது. அங்க உங்கட கூட்டாளிமாரும் இல்ல."

புதன்கிழமை நாலரைக்கு மெல்ரோய் புறக்கோட்டையில் ரிஷாத்தின் தூண்டில் கடைக்குள் நுழைந்தார். நுழைந்த நேரத்திலிருந்து ஒரு கண் சுவர்க் கடிகாரத்தில்.

"என்ன மாதிரி ஒன்டு பாக்குறீங்க அண்ணே?" ரிஷாத்துக்கு நாற்பது வயதிருக்கும். வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"பெலமானது. ஆகப் பெலமானது."

மூலையில் நின்றவற்றில் நீளமானதை, பதினாலடித் தடியை, மெல்ரோய் தானே எடுத்தார். ரீலிலும் ஆகப் பெரியதைக் காட்டினார். தங்கூசி நூலை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"இதவிடத் தடிப்பு இல்லையா மல்லி?" துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் அவருக்குத் தம்பிமாரெல்லாம் மல்லிதான்.

"கப்பலையா கட்டிவைக்கப் போறீங்க?"

"முப்பத்தொரு வருசம் அதைத்தானே செய்தனான்."

ரிஷாத் விழுந்து விழுந்து சிரித்தார். "அதுதானா! சரி, எங்க புடிக்கப் போறீங்க? என்ன மீன்?"

மெல்ரோய் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்கு இன்னும் பத்து நிமிசம். இந்தத் தெருவில் இரண்டு கடை தள்ளி என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"மீன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி தம்பி. அஞ்சில இருந்து ஏழு மட்டும் என்ட கையில ஒண்டு இருக்க வேணும்."

ரிஷாத் சிரிப்பை நிறுத்தி அவரை ஒருமுறை பார்த்தார். பதினாலடித் தடியை மெல்ல வாங்கி மூலையில் வைத்தார்.

"எங்கட வாப்பா சிகரட்ட விட்ட நேரம், கடையில இருந்த ரீல் எல்லாத்தயும் கழட்டிக் கழட்டிப் பூட்டினார். ரெண்ட பொறகு பூட்டவே ஏலாமப் போச்சு" என்றபடி உள்ளே போய் எட்டடித் தடி ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு துண்டு. கழற்றினால் பஸ்ஸில் கொண்டுபோகலாம்.

"கைய நீட்டிப் புடிச்சிக்கிட்டு நில்லுங்க."

மெல்ரோய் நின்றார். ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். கை வலிக்கவில்லை.

"அந்தப் பெரிசத் தூக்கிக்கிட்டு கா மணித்தியாலம் நிக்க ஏலாது. புதுசாப் புடிக்கிற ஆளுக்கு மீன் பாரமில்ல அண்ணே, தடிதான் பாரம்."

ரீலும் நடுத்தரம், நூலும் மெல்லியது. ரிஷாத் நூலின் நுனியைக் கதவுப் பூட்டில் கட்டி, "இழுங்க" என்றார். இழுத்ததும் கிறீச்சென்று நூல் வெளியே ஓடியது. மெல்ரோயின் கை தன்பாட்டில் ரீலின் முன்பக்கத் திருகைப் பிடித்து இறுக்கிற்று.

"இறுக்காதீங்க! அறுந்திரும். மீன் ஓடினா நூலும் ஓடட்டும்."

"கயிறு ஓடினா ஆள் சாவான் மல்லி!"

"துறைமுகத்துல. இங்க ஓட உடுங்க."

மெல்ரோய் ஓம் ஓம் என்று தலையாட்டி, ரிஷாத் நூலில் ஒரு கொக்கியை முடிந்து காட்டியதையும் பார்த்து, மிச்சக் கொக்கிகளோடு வாங்கிக்கொண்டார். இரண்டு கடை தாண்டும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார். வெள்ளவத்தையில் தண்டவாளத்தைக் கடந்து கடலோரக் கல்லில் ஏறும்போது ஆறு மணியாகிவிட்டது. வழியில் வாங்கிய இறாலைக் கொக்கியில் குத்தி எறிந்தார். முதல் இரண்டு எறியும் காலடியிலேயே விழுந்தன. மூன்றாவது போனது. உள்ளங்கால் குறுகுறுத்தது. உட்கார்ந்தார், எழும்பினார்.

திடீரென்று தடி வளைந்தது. நூல் கிறீச்சிட்டது. அவ்வளவுதான், ரிஷாத் சொன்னதெல்லாம் பறந்து போயிற்று. திருகை முட்ட இறுக்கி, வடம் இழுக்கிற ஆளைப்போல் பின்னுக்குச் சாய்ந்தார். டப்பென்று அறுந்தது. மீனும் இல்லை, கொக்கியும் இல்லை, ஈயமும் இல்லை.

"சீ!" என்றார். தடியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கடைகளுள்ள காலி வீதிப் பக்கம் திரும்பினார். தண்டவாளமும் தாண்டியாயிற்று. எந்த ஒழுங்கையால் போனால் போத்தல் வாங்கலாம் என்று கால் யோசித்துவிட்டது. அப்போதுதான் தடி பின்னால் இழுபட்டது. அறுந்த நூல் கல்லில் சிக்கி, தண்டவாளத்துக்குக் குறுக்கே நீளக் கிடந்தது.

கரையில் கயிற்றை அவிழ்ந்தபடி விட்டுவிட்டுப் போவதென்பது அவர் ஒருநாளும் செய்யாத காரியம். குடிவெறியில் கூடச் செய்யாதது. திரும்பிப் போனார். குனிந்து குனிந்து சுற்றி எடுத்தார். எடுத்து முடிந்ததும், நூலும் கையில், புதுக் கொக்கியும் பையில். ஸ்ரேசன் விளக்கடியில் குந்தினார். தடித்த விரல், நூல் கொக்கியின் காதுக்குள் போகமாட்டேன் என்றது. "அந்தோனியாரே" என்றார். போகவில்லை. இன்னொரு "அந்தோனியாரே." போனது. முடிச்சு வழுகியது. மறுபடி. இரண்டு ரயில் வந்து போனது அவருக்குத் தெரியாது.

போன் அடித்தது.

"எங்க நிக்கிறீங்க? மணி ஏழேகால்" என்றார் பிறிஜெற்.

"பொறு, முடிச்சுப் போடுறன்."

குடித்திருக்கிறாரா என்று குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுகிறவள். அடுத்த கேள்வியும் அதற்குத்தான் என்று மெல்ரோய்க்கு விளங்கியது.

"என்ன மாதிரிப் போடுறது? சொல்லுங்கோ பாப்பம்."

"நூலைக் காதுக்குள்ள விட்டு மடக்கோணும். மடக்கி அஞ்சு சுத்து. பிறகு நுனியை அடியில உள்ள வளையத்துக்குள்ளால எடுத்து, துப்பல் கொஞ்சம் பூசி, மெல்ல இழுக்கோணும். கேக்குதா? மெல்ல. இறுக்கப்படாது..."

ஒரு இடத்திலும் நாக்குத் தடக்காமல் அவர் சொல்லிக்கொண்டே போனார்.