மூச்சு தெரிஞ்சுச்சா, தாயி?

அப்பாவின் முதலாமாண்டு நினைவாக இந்த மலரைக் கையில் வாங்கும் உறவுகள், அட்டையில் அவர் கழுத்து நிறைய மாலையோடு சிரிப்பதைப் பார்த்து, "என்னா கம்பீரம்!" என்று சொல்லக்கூடும். அது கல்யாண வீட்டில் எடுத்த படமல்ல. பிணமாக நடித்து முடித்ததும் எடுத்தது. அதை மறைத்துவிட்டு அப்பாவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பத்தில் அப்பா பிறந்தார். பட்டினியோடு நாடகம் போட்டு, பிறகு சினிமாவில் வில்லனின் கையாளாக ஏழெட்டுப் படங்களில் வந்தார். சமயநல்லூர்ச் சந்தையில் பெண்கள் அவரைக் கண்டதும் மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவருக்கு அதுதான் விருது. வாய்ப்பு நின்றபின், யாராவது கண்டுகொள்வார்களா என்று பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். ஒருநாள் ஒருவர் நெருங்கி வந்து, "அண்ணே, நீங்க கரண்ட் ஆபீஸ்ல இருந்தவருதான?" என்றார். அன்று அப்பா சாப்பிடவில்லை. நான் சிரித்தேன்.

அப்புறம் ஒரு படக்குழு எங்கள் ஊருக்கு வந்தது. பண்ணையாரின் பிணமாகப் படுக்க அப்பாவைக் கூப்பிட்டார்கள். கொளுத்தும் வெயிலில் அரை நாள் கிடந்தார். மூக்கில் ஈ ஊர்ந்தும் அசையவில்லை. "பெரியவரே, மூச்சே தெரியல. நீங்கதான்யா நடிகர்!" என்று டைரக்டர் கையைப் பிடித்துச் சொன்னாராம். பிணமாக நடித்தவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பினால் ஆகாது என்பார்கள் சினிமாக்காரர்கள். பூசணிக்காய் உடைத்து, எழுப்பிச் சிரிக்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதுதான் அட்டைப்படம்.

மதுரைக்குக் குடும்பத்தோடு போய்ப் படம் பார்த்தோம். மாலைக் குவியலில் முகமே தெரியவில்லை. சேர்த்துக் கட்டிய கால் பெருவிரல்கள் மட்டும் தெரிந்தன. "மாமா காலு நல்லா நடிச்சிருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கும் நான் சிரித்தேன்.

அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள் என்று அப்பா நம்பினார். தினமும் மத்தியானம் கட்டிலில் மல்லாந்து, மூச்சடக்கிப் பழகுவார். எழுந்ததும் என்னிடம்தான் கேட்பார்.

"மூச்சு தெரிஞ்சுச்சா, தாயி?"

"நல்லாவே தெரிஞ்சுச்சு. வேற சோலி இருந்தா பாருங்கப்பா."

"அப்பிடியா? நாளைக்கு இன்னுங் கொஞ்சம் அடக்கிப் பாக்குறேன்."

கடைசி நாளும் அப்படித்தான் கிடந்தார். டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் கேட்கும் முன்பே சொன்னேன்: "தெரியுதுப்பா, தெரியுது. எந்திரிங்க." துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினேன். டீயில் ஆடை படிந்திருந்தது. மூக்கில் ஈ. அப்போதும் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அன்று ஓடிவந்து தூக்கிய பக்கத்து வீட்டாருக்கும், குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவந்த பங்காளிகளுக்கும், கொட்டாம்பட்டியிலிருந்து வந்து பத்து நாள் கூடவே இருந்த அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படக்குழுவிலிருந்து யாரும் வரவில்லை. இருந்தாலும் அந்த டைரக்டருக்கும் நன்றி. பெற்ற மகள் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் சொன்னார்.

அப்பா, நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். தெரியவில்லை. ஒருநாள்கூடத் தெரிந்ததில்லை.

— மகள்