கோழிக்கு வெள்ளிக்கிழமை தெரியாது

என் சமையலறைச் சுவரில், உப்புச் சாடிக்கு மேலே அடித்த ஆணியில், ஒரு எனாமல் பேணி, கைப்பிடி வைத்த சின்னக் குவளை, தொங்குகிறது. ஒரே ஒரு முட்டை அவியும் அளவுதான் இருக்கும். வெள்ளைப் பூச்சு அங்கங்கே உடைந்து கறுத்துவிட்டது, நீலக் கரையில் பாதிதான் மிச்சம். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்டால், "இன்னும் ஏன் இத வச்சிருக்கீங்க, வீசுங்களேன்" என்கிறார்கள். வீச மாட்டேன். ஆட்கள் வருகிறார்கள் என்று எடுத்து மறைத்து வைக்கவும் மாட்டேன். அந்தப் பேணி முற்றத்திலிருந்து இந்தச் சுவருக்கு வந்து சேர அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்களில் அப்பாவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளைக் கச்சேரிக்கு, மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு, மாற்றம் வந்தது. தலைமை எழுதுவினைஞர் என்பதால் அரசாங்க விடுதி கொடுத்தார்கள். பின்னால் ஒரு வளவு, கிணறு, மிளகுக்கொடி ஏறிய இரண்டு பலாமரங்கள். நாங்கள் சுத்த சைவம். ஊரில் மீன்காரனின் சைக்கிள் மணி கேட்டாலே படலையைச் சாத்திக்கொள்கிற குடும்பம். மாத்தளைக்கு வந்த இரண்டாம் வருடம், எனக்கு ஒன்பது வயதில், நெருப்புக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் கால் நிலத்தில் ஊன்றவில்லை. தலைமயிர் கொட்டி, கை கால் குச்சியாகி, கிணற்றடிக்குப் போவதென்றாலும் அம்மா தூக்கித்தான் போனார். ஆஸ்பத்திரி டொக்டர் என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, மருந்தைவிட இந்தப் பிள்ளைக்கு நாளுக்கு ஒரு முட்டை வேண்டும், இல்லாவிட்டால் இப்படியே கிடந்துவிடும் என்றார்.

அப்பா நல்ல மனிதர். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது அவருக்கு இன்னொரு மேலதிகாரி. அன்று பின்னேரமே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். எங்களுக்குப் பின்வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் பின்வீட்டு உம்மா என்றுதான் சொல்வோம். "பிள்ளையை அங்கை விடுவம். திண்டுபோட்டு வாயைக் கொப்பளிச்சுக்கொண்டு வரட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். அம்மா என் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "என்ரை பிள்ளை என்ன களவெடுத்ததே ஒளிச்சுத் தின்ன? இந்த வளவுக்குள்ளை கோழி நிக்கும்" என்றார். அதுவரை ஒரு கோழியை அம்மா கையால் தொட்டதில்லை. முட்டைக் கோதைக் கண்டால் கோலால் தள்ளிவிடுகிறவர்.

முடிவில் இரண்டு பேரும் பாதிப் பாதி விட்டுக்கொடுத்தார்கள். கோழி நிற்கலாம், முட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. முற்றத்தில் மூன்று கல் வைத்து, ஒரு எனாமல் பேணி வாங்கி, அதில் அவித்து, நான் பலாமரத்தடியில் வைத்துச் சாப்பிட வேண்டும். பேணி கோழிக்கூட்டின் தூணில் தொங்க வேண்டும். அம்மா ஒத்துக்கொண்டார். ஆனால் அந்தத் தூணைப் பார்க்கிற போதெல்லாம் அவர் வாய் இறுகும்.

முதன்முதல் கோழி வளர்க்கிறவர்கள் செய்யக்கூடிய பிழை அத்தனையும் நாங்கள் செய்தோம். அப்பா தச்சனைப் பிடித்து, சீமெந்துத் தரையும் பச்சைப் பெயின்ட் அடித்த கதவுமாக ஒரு கூடு கட்டுவித்தார். அதற்குள் ஆறு வெள்ளை லெக்கோன் கோழிகள் வந்தன. அம்மாவுக்குச் சுத்தம் என்றால் தண்ணீர்தான். விடிந்தால் சாமியறையைக் கழுவுவது போலக் கூட்டையும் கழுவினார். ஈரத்தரையில் நின்று நின்று கோழிகளுக்குத் தும்மல் பிடித்தது, ஒன்று செத்தும் போனது. அதன்பிறகு கழுவுவதை விட்டு, உமியைக் கொட்டி, நனைந்ததை மட்டும் அள்ளிவிட்டுக் காய்ந்ததைக் கிளறி வைக்கப் பழகினார். தீன் வைக்க வாங்கிய அகலத் தட்டில் கோழிகள் ஏறி நின்று எச்சமிட்டன. அம்மா மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கோழியின் தோள் உயரத்துக்குக் கட்டி, மேலே ஒரு தடி உருளும்படி வைத்தார். ஏறினால் தடி சுழன்று கோழியைக் கீழே தள்ளிவிடும். அப்பா அலுவலகத்தால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று அதைப் பார்த்துச் சிரிப்பார். பச்சைக் கதவுக்குச் செலவழித்ததை அவரிடம் யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

தீன் விஷயத்தில் அம்மாவுக்கு ஒரே கொள்கை. நம் வளவில் நிற்பது நாம் தின்பதைத்தான் தின்னும். பல்லேகமப் பக்கமிருந்து சந்தைக்கு வருகிற சோளமும் குரக்கனும், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, பொடியாக அரிந்த முருங்கையிலை. பார்க்க வடிவான தீன். சைவக் கோழிகள் என்று அப்பா பெருமையாகச் சொல்லவும் தொடங்கிவிட்டார். முட்டை வந்தது. நானும் பேணியில் அவித்ததைத் தின்றேன், சுவரைப் பிடித்து நிற்கத் தொடங்கினேன். சில வாரத்தில் கோழிகள் ஒன்றின் வாலை ஒன்று கொத்திப் பிடுங்கின. பிறகு இட்ட முட்டையைத் தாங்களே உடைத்துக் குடித்தன. அம்மா போய்ப் பார்க்கும்போது உமியில் மஞ்சள் கறை மட்டும் இருக்கும். என் கால் மறுபடி நடுங்கத் தொடங்கியது. அம்மா அந்தக் கறைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுததை நான் கண்டேன்.

பின்வீட்டு உம்மாவிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. "நாங்க ஒன்னுமே போடுறல்லம்மா. காலைல தொறந்து வுட்டா அதுகபாட்டுக்கு மேஞ்சிட்டு வருது. ஒங்கட வெள்ளக் கோழி பெரிய எடத்துக் கோழி, எனக்குத் தெரியா" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு நாள் வேலி ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்து உம்மாவின் நாட்டுக் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை கறையான் புற்றைக் கிளறின, பூரானை அடித்தன. ஒன்று அரணையைக் கவ்விக்கொண்டு ஓட, மற்றவை துரத்தின. அம்மா எழுந்து வந்து, "இதுகள் சைவமில்லை. நாங்கள்தான் கூட்டுக்குள்ளை பூட்டிவைச்சு விரதம் பிடிக்கப் பண்ணியிருக்கிறம்" என்றார். எங்கள் கோழிகளைத் திறந்துவிடவும் வழியில்லை. வளவைச் சுற்றியிருந்த பற்றைக்குள் கீரி நின்றது. உம்மாவின் கோழிகள் மரத்தில் பறந்து ஏறித் தப்பிவிடும், கூட்டிலேயே வளர்ந்த இவற்றுக்கு அது தெரியாது.

மறுநாள் பையை எடுத்துக்கொண்டு தானே கடைத்தெருவுக்குப் போனார். உம்மாவின் மகனை அனுப்பியிருக்கலாம், உம்மாவும் கேட்டார். "என்ரை வீட்டுக்கு வாறதை நான்தான் கொண்டருவன்" என்றுவிட்டார். கருவாட்டுக் கடைக்காரருக்கு அம்மாவைத் தெரியும், எந்த வீடு என்றும் தெரியும். கருவாட்டுத் தலை வேண்டும் என்றதும் அந்த மனிதர் குரலைத் தணித்து, "பேப்பர்ல ரெண்டு சுத்துச் சுத்தித் தரவாம்மா?" என்றாராம். "வேண்டாம், சும்மா போடுங்கோ" என்று அம்மா ஊருக்கே கேட்கச் சொல்லியிருக்கிறார். குறுக்கு ஒழுங்கையால் வராமல், கச்சேரி வாசல் வழியாகவே மணக்க மணக்க நடந்து வந்தார். பழைய மர உரலை முற்றத்தில் போட்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் கட்டிக்கொண்டு இடித்தார். முதல்நாள் இரண்டு தரம் வாந்தி எடுத்தார். வாயைக் கழுவிவிட்டு வந்து மிச்சத்தை இடித்தார். தவிட்டில் ஒரு பிடி கருவாட்டுத் தூள், நொறுக்கிய சிப்பி கொஞ்சம். முட்டையிட, வெளிச்சம் படாமல், பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைச் சரித்து வைத்து வைக்கோல் போட்டார்.

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "வெள்ளிக்கிழமையிலையாவது அந்தத் தூளைப் போடாமல் விடுமன்."

"கோழிக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. எனக்குத் தெரியும். நான் பிடிக்கிறன் விரதம்" என்றார் அம்மா. அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கொத்துவது நின்றது. முட்டை முழுதாகக் கிடைத்தது. நான் வேலியைப் பிடிக்காமல் பலாமரம் வரை நடந்த கிழமையில்தான் அப்பாவின் தமக்கை, என் மாமி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து வந்தவர் வாசலில் நின்றே மூக்கைச் சுளித்தார். பின்னால் போய் உரலைப் பார்த்தார். "கருவாடு இடிக்கிற வீட்டிலை எனக்குப் பச்சைத் தண்ணியும் வேண்டாம். பெட்டைப் பிள்ளை வைச்சிருக்கிறீர், நாளைக்கு ஆர் இதைக் கட்டப்போறான்?" என்று அம்மாவைக் கேட்டார். அப்பா தூணோடு தூணாக நின்றார். அம்மா நேரே கோழிக்கூட்டுக்குப் போய்ப் பேணியைக் கழற்றினார், கிணற்றடியில் சாம்பல் போட்டு விளக்கினார், மாமியைத் தாண்டிச் சமையலறைக்குள் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். முட்டையை அவித்து, கோதை உரித்து, உப்பும் மிளகும் தூவி, என்னைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தினார். "இண்டைக்கு இருந்து இது உள்ளைதான். இருந்து வடிவாச் சாப்பிடு பிள்ளை" என்றார். அந்த முட்டையைப் போல இன்னொன்றை நான் தின்றதில்லை. மாமி அடுத்த ரயிலில் திரும்பிப் போனார்.

மாமி சொன்னதும் நடந்தது. எனக்கு இருபது வயதில் ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெரிய இடம். மாப்பிள்ளையின் தாயாருக்கு மாமி முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தார். அந்த அம்மா கோப்பியை உதட்டருகில் வைத்துக்கொண்டு, "பிள்ளை சின்னனிலை முட்டை, கிட்டை..." என்று இழுத்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், மருந்துக்கு என்று மழுப்பியிருந்தாலும் போதும். "ஓம், திண்டவள். இந்தக் குசினிக்குள்ளை இருந்து திண்டவள். இண்டைக்கு எழும்பி நடந்துவந்து உங்களுக்குக் கோப்பி தந்தது அதாலைதான்" என்றார் அம்மா. கோப்பி பாதியிலேயே நின்றது. அவர்கள் போன பிறகு எனக்குத் துக்கமே வரவில்லை. கோபம் வந்தது, அதற்கு மேலே பெருமை வந்தது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கோழிக்குத் தீன் வைக்கப் போனார். பிறகு நான் கட்டியவர் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஆசிரியர், முட்டை பொரிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரர். சாகும்வரை அம்மா முட்டையை வாயில் வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது அவருடைய விரதம், அதை அவர் யார் தலையிலும் கட்டவில்லை.

போன மாதம் மாமியின் பேத்தி மாத்தளைக்கு வந்து என்னோடு இரண்டு நாள் நின்றாள். வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கோழி வளர்க்கிறாளாம். தானாகத் தீன் விழும் குழாய், கொத்தினால் தண்ணீர் சொட்டும் போத்தல் என்று போனில் படம் காட்டினாள். நல்ல சாமான்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. "எங்கடை கோழி சைவம் அன்ரி. கடையிலை பைத்தீன் வாங்கிறம். அம்மம்மா இருந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பா" என்றாள். படத்தில் அந்தப் பையும் தெரிந்தது. பெரிதாக்கிக் காட்டச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தேன். சோளம், சோயா, தவிடு, மீன் தூள்.

பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி. பையிலை எழுதியிருக்கிறதைக் கண்டால் கூட்டை உடைச்சுப் போடுவா" என்று என் கையைப் பிடித்தாள்.

"நான் போன் எடுத்துச் சொல்ல மாட்டன்" என்றேன். "ஆனால் கேட்டால் ஒளிக்க மாட்டன். எனக்கு அது பழக்கமில்லை பிள்ளை."

அவள் போனை அணைத்து மேசையில் வைத்தாள். பிறகு, தனக்குப் பசிக்கிறது, ஒரு முட்டை அவித்துத் தர முடியுமா, வீட்டில் செய்வது போலப் பின்னால் போய் இருந்து சாப்பிடுகிறேன் என்றாள். நான் சுவரிலிருந்து பேணியைக் கழற்றித் தண்ணீர் வார்த்து அடுப்பில் வைத்தேன். கதிரையை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உள்ளை இரு" என்றேன்.