தாய்மாமனுக்குப் போன முதல் தேர்வு

என் மகளுக்குக் காது குத்திய நாளைப் பற்றிப் பேச்செடுத்தால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கோபப்பட்டது சரியா என்று பலமுறை யோசித்தாயிற்று. பாப்பா வளர்ந்த பிறகு, என்னை வைத்தா சண்டை போட்டாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்றுகூட யோசித்தாயிற்று. கோபம் மட்டும் குறையவில்லை.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீரபாண்டியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மர்ச்சண்டைசராக இருந்தேன். எங்களிடம் துணி வாங்கும் பையர் அமெரிக்காக்காரர். அந்த ஊர்க் கால்பந்து ரசிகர்கள் போடும் டி-ஷர்ட்தான் ஆர்டர். பேர்தான் கால்பந்து, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். முதுகில் எந்தப் பெயருக்கு எந்த எண் வர வேண்டும் என்று சரிபார்ப்பது என் வேலை. அப்படித்தான் அந்த ஆட்டம் எனக்குப் பழக்கமானது. பையர் ஆபீஸில் ஒருவர் சொல்லிக்கொடுக்க, நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து போனில் ஒரு லீக் ஆரம்பித்தோம். அந்த டி-ஷர்ட்டுகளுக்குப் பிரிண்டிங் போட்டுத் தரும் என் அண்ணனும் அதில் ஒருவர்.

அதில் காசு கிடையாது. ஆளுக்கொரு கற்பனை டீம். நாம் வைத்திருக்கும் ஆட்டக்காரர் நிஜ ஆட்டத்தில் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி. ஒருமுறை எடுத்த ஆளை வருடக்கணக்கில் நாமே வைத்துக்கொள்ளலாம். அதனால் எல்லோருடைய கண்ணும் கல்லூரி முடித்துப் புதிதாக வரும் பையன்கள் மேல்தான். வருடத்துக்கு ஒருமுறை அவர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்வோம். போன வருடம் கடைசியில் நின்றவருக்கு முதல் தேர்வு. ஆட்களையும் தேர்வு முறையையும் எங்களுக்குள் மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

பாப்பா வயிற்றில் இருந்தபோது, என் டீமில் இருந்த பேர் பெற்ற ஆட்டக்காரர்களை எல்லாம் கொடுத்துவிட்டு இளசுகளாக வாங்கிப் போட்டேன். நன்றாகத் தோற்றேன். "ஏனுங்கக்கா, டீம் நடத்தறீங்களா, பால்வாடி நடத்தறீங்களா?" என்று ஆபீஸில் கேட்டார்கள். பொறுத்துக்கொண்டேன். கடைசி இடம் கிடைத்தால்தானே முதல் தேர்வு?

பாப்பா பிறந்ததும் வேலையை விட்டேன். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார்கள். நானும் சரி என்றேன். ஐடி கார்டைக் கொடுத்தேன், மேஜையைக் காலி செய்தேன். என் பெயரில் மிச்சம் இருந்தது அந்த டீம் மட்டும்தான்.

மத்தியானங்களில் பாப்பாவுக்குப் பால் கொடுத்தபடி, சத்தமில்லாமல் அந்தப் பையன்களின் வீடியோக்களைப் பார்ப்பேன். போன் வெளிச்சம் அவள் கண்ணுக்கு ஆகாதோ என்று பயந்து திருப்பிப் பிடித்துக்கொள்வேன். அப்படிக் கண்டுபிடித்தவன்தான் அவன். பந்தோடு ஓடுகிறவன். இரண்டு பேர் மோதித் தள்ளினாலும் இன்னும் நாலு எட்டு வைத்துத்தான் விழுவான். இவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

காது குத்து அன்று காலையில், குலதெய்வக் கோயிலில் இருக்கும்போது தேர்வில் என் முறை வந்தது. பாப்பாவுக்கு மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் திமிறிய திமிறலில் எனக்கு இரண்டு கையும் போதவில்லை. அந்தப் பையனின் பெயரைத் திறந்து வைத்து, போனைக் கணவரிடம் கொடுத்தேன்.

"இந்தப் பேர அமுக்கினாப் போதுங்க. வேற எதையும் தொட்டுப்போடாதீங்க."

"செரி செரி, இதுகூட எனக்குத் தெரியாதா?"

பாப்பாவைக் குளிப்பாட்டி, தலையில் சந்தனம் தடவித் தூக்கிக்கொண்டு வந்தேன். அவரும் அண்ணனும் காபி குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது. மச்சானுக்கே குடுத்துப்போட்டேன்."

"எதை?"

"அந்த முதல் சான்ஸத்தான். மாமன் மடியில உக்கார வெச்சுக் காது குத்தற அன்னிக்கு, மாமனை விட்டுட்டு நாம முந்திக்கிட்டா நல்லாவா இருக்கும்? அதுக்குப் பதிலா அவரோட ஒன்பதாவது சான்ஸ் உனக்கு."

"நான் சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன் கண்ணு," என்றார் அண்ணன். "மாப்பிள்ளை டக்குனு குடுத்துட்டாரு."

"யார எடுத்தீங்கண்ணா?"

"நீ பாத்து வெச்ச பையனத்தான். மாப்பிள்ளைதான் பேரக் காட்டினாரு."

என் கணவர் தன் பைக்கை யாராவது கேட்டால் எங்கே, எதற்கு, எப்போது வரும் என்று நூறு கேள்வி கேட்பவர். என்னுடையதைக் கொடுக்க அவருக்கு ஒரு வாய் காபி குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது. அதற்கு மரியாதை என்று பெயரும் வைத்துவிட்டார்.

அவருடைய அம்மா, என் அத்தை, என் முகத்தைப் பார்த்துவிட்டார். "என்ன அம்மிணி, ஒறம்பரைச் சனமெல்லாம் பாக்குது. உன்ற அண்ணனுக்குத்தான போச்சு, அசலாருக்கா போச்சு?"

அதுவும் சரிதானோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. சீர்த்தட்டோடு வந்தவரிடம் போய் என்ன கேட்பது? பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அண்ணன் சமுக்காளத்தில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, கையை நீட்டினார். ஆசாரி தங்கக் கம்பியோடு காத்திருந்தார். குழந்தையை இறக்க என் கை வரவில்லை.

"அண்ணா, அந்தப் பையன எனக்குத் திருப்பி அனுப்புங்க."

"அதுக்கென்ன, சாயங்காலம் பேசிக்கலாம். பாப்பாவக் குடு."

"மொதல்ல அனுப்புங்க."

யாரோ ஒரு பெரியவர், "இது காது குத்தா, மாட்டுச் சந்தையா?" என்றார். சுற்றிலும் சிரிப்பு. ஆசாரி, "நல்ல நேரம் போகுதுங்க," என்றார்.

கணவர் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுங்க. அது என்ற டீமு. கேட்டவங்களுக்கெல்லாம் வெட்டிக் குடுக்க அது உங்க தோட்டத்து வாழத்தாருங்களா?"

சிரிப்பு நின்றது. அண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அமுக்கினார். நான் கணவர் கையிலிருந்த என் போனைப் பிடுங்கி, பாப்பாவை இடுப்பில் வைத்தபடியே, அவருடைய ஒன்பதாவது தேர்வை அவருக்கு அனுப்பிவிட்டு என் பையனை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அவளை மடியில் உட்கார வைத்தேன்.

கம்பி ஏறியதும் பாப்பா வீறிட்டாள். நானும் அழுதேன். பெற்ற மனம் என்று பக்கத்தில் இருந்தவர்கள் தட்டிக்கொடுத்தார்கள்.

அந்தப் பையன் முதல் வருடம் முழுக்க வெளியேதான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு மூத்த ஆட்டக்காரர் இருந்தார். திங்கட்கிழமை காலை தவறாமல் அண்ணனிடமிருந்து மெசேஜ் வரும்: "உன்ற பையன் எந்திரிச்சானா கண்ணு?" எழுந்திருப்பான். அவனைக் கேட்டு இதுவரை வந்த எல்லோருக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

கணவர் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தை பெற்றதிலிருந்து எனக்குக் கோபம் அதிகம் என்று மட்டும் வருகிறவர்களிடம் சொல்கிறார். பாப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியிருக்கக் கூடாதோ என்று எனக்கு இன்னமும் தோன்றும். திருப்பிக் கேட்டிருக்கவே கூடாதோ என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

இந்த வருடத் தேர்வு நெருங்கும்போது ஒருநாள் என் போனை எடுத்துப் பார்த்தார்.

"லாக் மாத்திட்டயா?"

"மாத்திட்டனுங்க."

"எதுக்கு?"

பாப்பா எழுந்து அழுதாள். போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.