ஜீப்பில் கேட்ட பாடம்

அந்த நாளில் நம் ஜீப்பின் முன்பக்கத் தட்டில், ஸ்டியரிங்குக்கு இடது பக்கமாக, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கும் அந்தக் கருவி. புத்தகம் படிக்கிற கருவி. சிலேட்டைவிட மெல்லியது. கண் தெரியாத என் தம்பிக்கு இது எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. பாடப் புத்தகங்களை யாரோ வாய்விட்டுப் படித்த குரலையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார், உங்கள் சித்தப்பாவின் கல்லூரிச் சிநேகிதர். ஆனால் அதற்குச் சொந்தமாக வாய் கிடையாது. ப்ளூடூத்தில் ஒரு ஸ்பீக்கரோடு சேர்த்தால்தான் பேசும். நம்மிடம் இருந்த ஒரே ஸ்பீக்கர் ஜீப்பில் இருந்தது. இப்போது அந்தக் கருவி சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில் கிடக்கிறது.

"சித்தப்பா ஏம்ப்பா மலைய வுட்டு எறங்கவே மாட்டேங்கறாரு?" என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொல்லப் போனால் பாதியில் எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது என் தம்பிக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. கண் நரம்பு வற்றிப்போகிற நோய் என்றார்கள். பட்டம் வந்தபோது அதில் இருந்த தன் பெயரை அவனால் படிக்க முடியவில்லை, விரலால் தடவிப் பார்த்தான். அதன் பிறகு அரசுத் தேர்வு ஒன்றுதான் வழி என்று பிடித்துக்கொண்டான். எழுதி எழுதித் தவறி, வயது வரம்பு நெருங்கி, கடைசியாக ஒரே ஒரு தடவை எழுதலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டான். "இதுவும் போச்சுன்னா ஆயுசுக்கும் யார் கையயாவது புடிச்சிக்கினுதாண்ணா நடக்கணும்" என்பான்.

காதில் மாட்டுகிற கருவி வாங்கித் தருகிறேன், வீட்டிலேயே கேள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். மறுத்துவிட்டான். "கண்ணு போயி காதுலதான் இருக்கேன். அதையும் அடச்சுட்டா நான் எங்கண்ணா இருப்பேன்?" வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஆள் ஏற்றிப் போகும்போதெல்லாம் முன்சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான். மலை ஏறும்போது இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது, இறங்கும்போதுதான் பாடம். ஸ்டாண்டில் வண்டி எடுத்ததும் ஆரம்பித்து, ஒரே பாடத்தை மனதில் ஏறும்வரை நாள் கணக்கில் போடச் சொல்வான்.

சந்தைக்குச் சாமை மூட்டையோடு வருகிற ஒரு அம்மா கத்தும். "இன்னா டிரைவரு, பாட்டு போடுன்னா பாடம் போடுற! எங்கள எந்தக் கிளாஸ்ல சேத்திருக்க?"

"ஒண்ணாங் கிளாஸுதாங்கா. பரீட்ச வெச்சா நீதான் பஸ்ட்டு" என்பான் தம்பி.

"பஸ்ட்டு வந்தா டிக்கெட்ட கம்மி பண்ணச் சொல்லுடா உங்கண்ணன."

அப்படிக் கேட்டுக் கேட்டுப் படித்ததில் ஒன்று நடந்திருந்தது. அவனுக்கே அது வெகுநாள் தெரியாது. பாடம் அவனுக்குள் பக்கமாகப் பதியவில்லை, பாதையாகப் பதிந்திருந்தது. ஒவ்வொரு வரியும் அதைக் கேட்ட வளைவோடு, அங்கே உடம்பு சாய்ந்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கேள்வி கேட்டால் கொஞ்சம் இடதுபக்கம் சாய்வான், பிறகு வலதுபக்கம். "இரு, அது பலாமரத்து வளைவுல வருது" என்பான். உடனே வரி வரியாகக் கொட்டும். நாங்கள் சிரிப்போம்.

தேர்வுக்கு எழுத உதவுகிறவரை நாமே கூட்டிப் போகலாம், அவர் தேர்வரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்றார்கள். "நீ பத்தாவதோட நின்னது நல்லதாப் போச்சுண்ணா" என்று கேலி பண்ணினான். கேள்வியை நான் படிக்க வேண்டும், அவன் சொல்கிற விடைக்கு உரிய வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். தேர்வு அறையில் நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவன் தெம்பாகத்தான் இருந்தான். கேள்வியைக் கேட்பான், பெஞ்சில் இடமும் வலமுமாகச் சாய்வான், விடை சொல்வான். அறையில் இவனைப் போலவே ஆள் வைத்து எழுதுகிறவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்காக எழுத வந்தவர்கள் இவனையே பார்த்தார்கள். மேற்பார்வைக்கு நின்ற அம்மாவும் பார்த்தார்.

"சார், அவர ஆடாம உக்காரச் சொல்லுங்க. இந்தப் பக்கம் சாஞ்சா ஒரு விட, அந்தப் பக்கம் சாஞ்சா ஒரு விடன்னு மத்தவங்களுக்குச் சைக காட்றாருன்னு நான் நெனைக்க மாட்டேனா?"

மலைப்பாதையில் கேட்டுப் படித்தவன் என்று எழுந்து நின்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, அவர் குரலும் தணிந்துதான் இருந்தது. "எனக்குப் புரியுதுங்க. ஆனா மேல யாராச்சும் கேட்டா நான் இன்னா சொல்றது? இன்னொரு வாட்டி ஆடினா பேப்பர வாங்கிடுவேன்."

தம்பி இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சிலைபோல் உட்கார்ந்தான். அடுத்த கேள்வியைப் படித்தேன். பதில் இல்லை. இன்னொரு முறை படித்தேன். வியர்வை அவன் தாடையில் இறங்கிச் சொட்டியது. "கொரல் கேக்குதுண்ணா. இன்னா சொல்லுதுன்னுதான் தெரில" என்றான் மெல்ல. அடுத்தது. அதற்கடுத்தது. எனக்குத் தெரிந்ததை எழுதிவிடலாமா என்றால், எனக்கு என்ன தெரியும்? வட்டங்கள் வெள்ளையாகவே கிடந்தன. மணி அடித்தது. அத்தோடு அவனுக்குத் தேர்வு எழுதுகிற வயதும் முடிந்தது.

அன்றைக்குத் திரும்பி மலை ஏறும்போது நான் ஆள் ஏற்றவில்லை, சித்தப்பா கடைசியாக அந்தப் பாதையில் வந்தது அன்றைக்குத்தான். நாங்கள் இரண்டு பேர்தான். கருவியைப் போடவில்லை. அடிவாரம் தாண்டி முதல் வளைவில் வண்டி திரும்பியது. தம்பியின் உடம்பு தானாகச் சாய்ந்தது.

"அந்த நெலவரி கேள்விக்கு மூணாவதுண்ணா" என்றான்.

அடுத்த வளைவில் இன்னொரு விடை வந்தது. அதற்கடுத்த வளைவிலும். அழவில்லை அவன். அந்தப் புத்தகக் குரல் மாதிரியே, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒவ்வொரு வளைவிலும் ஒன்று சொல்லிக்கொண்டே வந்தான். எல்லாம் சரியான விடைகள் என்று எனக்கே தெரிந்தது, அத்தனை நாள் அவனோடு நானும் கேட்டிருக்கிறேன் அல்லவா. எனக்குப் பாதை கலங்கிக் கலங்கித் தெரிந்தது. "நிறுத்தி ஒரு டீ குடிக்கலாமாடா?" என்று கேட்டுப் பார்த்தேன். அவன் காதில் விழவில்லை. சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன்.

அவன் கை தடவி வந்து என் முழங்கையைப் பிடித்தது.

"மெதுவாப் போண்ணா. இன்னும் கேள்வி பாக்கி இருக்குது."