என்ஜின் சத்தத்தில் போட்ட கணக்கு

மகள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "மழைச் சத்தம்மா. இதக் கேட்டுக்கிட்டே படிச்சா மனசு அலையாது" என்றாள். வெளியே கசிந்த அந்த இரைச்சல் எனக்கு டீசல் என்ஜினாகக் கேட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது மரக்காணத்தில் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தார்கள். பள்ளி விட்டதும், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் என்ஜின் கொட்டகையில் உட்கார்ந்து நான் கணக்குப் போடுவேன். டீசல் நெடி, அதிரும் தகரம், ஒரே சீரான தடதடப்பு. அதற்குள் போய்விட்டால் எந்தக் கணக்கும் தப்பாது.

ஒரு நாள் மாலை, வழக்கம்போல எல்லாக் கணக்குகளும் சரியாக வந்தன. டீசல் தீர்ந்து என்ஜின் நின்றபோதுதான் அம்மாவின் குரல் கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வரப்பில் அப்பா நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார்.

"ரோட்டுக்கு ஓடுடி, எதனா வண்டிய நிறுத்து."

ஓடினேன். ஒரு வேன் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அப்பா போய்விட்டார்.

அம்மா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். "எவ்ளோ நேரமா கூப்ட்டேன், கேக்கலியாடி?" அதற்குப் பிறகு கேட்டதே இல்லை.

இப்போது சாப்பிட வரச்சொல்லி மகளை மூன்று முறை கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, அவள் கண்ணில் படும் இடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.