வாலுக்குள் இல்லாத கைகள்

எனக்கு வாய் நீளம் என்பது, மதுரையில் நான் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். விலங்கியல் வகுப்பில் விந்தணு வாலின் குறுக்குவெட்டுப் படம் போடும்போது மாணவிகள் ஒன்பது ஜோடிக் குழாய்களை வட்டமாகவும் நடுவில் இரண்டையும் அழகாக வரைந்துவிடுவார்கள். ஜோடிதோறும் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கைகளை மட்டும் மறந்துவிடுவார்கள். "கையில்லாம அது எப்படிடி நீந்தும்?" என்று நோட்டைத் தூக்கி எறிவேன். அந்தக் கைகள் டைனீன் என்ற புரதம். செல்லுக்குள் தயாராகி, வால் வளர வளர உள்ளே போய் வரிசையாகப் பொருந்திக்கொள்ளும். பக்கத்துக் குழாயைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். குழாய்கள் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதால் வழுக்கிப் போக வழியில்லாமல் வளையும். அந்த வளைவுதான் நீச்சல். எழுபதுகள் முழுக்க இதை நடத்தியே சம்பளம் வாங்கினேன்.

என் கணவர் பழங்காநத்தத்தில் பம்ப்செட் கடை வைத்திருந்தார். வருடம் முழுக்க அவருக்குச் சளி, இருமல், மூக்கடைப்பு. கல்யாணமான புதிதில் அவர் நெஞ்சில் தலை சாய்த்தபோது இதயம் வலப்பக்கம் துடித்தது. "ஆண்டவன் பக்கம் மாத்தி வச்சுட்டான்" என்று சிரித்தார். எக்ஸ்ரேயில் மட்டும் அது ஒழுங்காக இடப்பக்கம் இருந்தது. எடுத்தவர், பிலிமைத் தான்தான் திருப்பிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, இடது வலது குறிகளை மாற்றி எழுதிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

ஆறு வருடமாகக் குழந்தையில்லை. மாமியார் என்னைக் கோயில் கோயிலாக, டாக்டர் டாக்டராக இழுத்துப் போனார். என் வயிற்றை இரண்டு முறை சுத்தம் செய்து பார்த்த டாக்டரம்மா, என்னிடம் குறையில்லை, என் கணவரைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஊரில் இருக்கிற லேப்காரர் எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் என்று அவர் கூச்சப்பட்டார். நானே பார்க்கிறேன் என்றேன்.

ஒரு சனிக்கிழமை காலை. குளிர்ந்துவிடக் கூடாதென்று சின்ன பாட்டிலை இடுப்பில், சேலைக்குள் செருகிக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடியே கல்லூரிக்குப் போனேன். ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கணக்கில்லாமல் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. செத்துவிட்டனவோ என்று இயோசின் சாயம் விட்டேன், செத்ததுதான் சிவக்கும். பெரும்பாலும் சிவக்கவில்லை. தலையும் வாலும் குறையில்லாமல், உயிரோடு, சும்மா கிடந்தன.

தீராத இருமல், இடம் மாறிய இதயம், அசையாத விந்தணு மூன்றும் ஒரே காரணத்தால் வரலாம் என்று சில மாதங்களுக்கு முன்தான் ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் படித்திருந்தேன். படிக்கும்போது வீட்டு ஞாபகம் வரவேயில்லை. அவ்வளவு கெட்டிக்காரி. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களுக்குள்ளும் அதே குழாய்கள், அதே கைகள். கைகள் சேரவில்லையென்றால் அவையும் அசையாது. அந்தக் கைகளைக் கண்ணால் பார்க்கிற பெரிய மைக்ராஸ்கோப் எங்களிடம் ஏது? பார்க்காமலே எனக்குத் தெரிந்துபோனது. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் சொன்னேன். "மருந்து இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "வெளிய தெரிஞ்சா நான் கடைவீதியில தலை காட்ட முடியாது" என்றார். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் கிடையாது. அடுத்த வருடம் மாமியார் வேறு பெண் பார்க்கத் தொடங்கினார். என் கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தோம்.

சில மாதங்களில் கல்லூரி வாசலில் ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார்.

"திருவாதவூர்ல இருந்து வாரேன் தாயி. ஒங்க வீட்டுக்காரருக்கு என் மகளக் கேக்குறாக. குறை ஒங்க மேலதான்னு சொல்றாக. இப்படிக் கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாதீக. எனக்கு ஒத்தப் பிள்ள. நீங்க சொன்னா நம்பிருவேன்."

ஒரு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற நான் தலையைக் குனிந்துகொண்டு, "எம்மேலதான்யா" என்றேன். அவர் கண் கலங்கி என்னைக் கும்பிட்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நாலு வருடம் கழித்து, அவருக்குக் கட்டிக்கொடுத்த அந்தப் பெரியவரின் மகள் என்னைத் தேடி வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதிருக்கும். மஞ்சள் பை நிறைய மருந்துச் சீட்டு. "ஒங்களுக்கும் இப்படித்தான் அக்கா செஞ்சாகளா?" என்றாள். வயிற்றைக் கிழித்தே பார்த்திருந்தார்கள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்னையக் கட்டுறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியே."

சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒங்களப் பாத்துட்டு வந்த அன்னைக்கு எங்கப்பா சாப்பிடவேயில்ல அக்கா. அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆயிருச்சேன்னு பொலம்புனாரு. அதனால எனக்குன்னு வேண்டிக்கிறப்பல்லாம் ஒங்களுக்கும் ஒரு பிள்ள வேணும்னுதான் சேத்து வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள், "எங்கப்பாகிட்டப் போறேன்."